மீன்பாடி வண்டியின் பொறியியல்

மீன்பாடி வண்டி சென்னைத் தெருக்களிலேயே உருவான வாகனம். எந்தத் தொழிற்சாலையும் அதைத் தயாரித்ததில்லை. எந்தக் கம்பெனியின் பெயரும் அதன்மேல் கிடையாது. முன்பக்கம் பலகை அடித்த சரக்குத் தட்டு, தட்டின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு சக்கரம். பின்பக்கம் ஒரு பழைய மொபெட்டின் அல்லது பைக்கின் பின்பாதி. எஞ்சின், செயின், சீட், பின்சக்கரம் எல்லாம் இருந்தபடியே இருக்கும். இந்த இரண்டையும் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்த்துவிட்டால் வண்டி தயார்.

மோட்டார் ஏறுவதற்கு முன்பு இது மிதித்து ஓட்டும் டிரைசைக்கிளாகத்தான் இருந்தது. மீன் கூடைகளை ஐஸோடு சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுபோகப் பயன்பட்டது. பிறகு மீனோடு நிற்கவில்லை. தி.நகர் கடைகளுக்குத் துணி மூட்டைகள், மயிலாப்பூர் வீடுகளுக்குத் தண்ணீர் கேன்கள், அடையாறில் எழும் அடுக்குமாடிகளுக்குக் கம்பியும் பிவிசி குழாயும் ப்ளைவுட்டும் என எதையும் ஏற்றியது. மாடவீதிகளை ஒட்டிய சந்துகளிலும் ரங்கநாதன் தெருவைச் சுற்றிய நெரிசலிலும் லாரி நுழையாது. 2005இல் டாடா ஏஸ் வந்து ‘குட்டி யானை’ என்று பெயரெடுத்த பிறகும், அதற்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத சிறு சரக்கு எப்போதும் மிச்சம் இருந்தது. அந்த மிச்சம்தான் மீன்பாடி வண்டிக்காரரின் பிழைப்பு.

குறைந்த செலவில், பைக் எஞ்சினை வைத்து, சொந்தக் கையால் ஒரு மூன்று சக்கர வாகனம் கட்ட முடியுமா என்பதற்கு இந்த வண்டியே பதில். முடியும். ஓடவைப்பது எளிது. நிறுத்துவதும், கவிழாமல் திருப்புவதும், சாலையில் ஓட்ட உரிமை பெறுவதும்தான் கடினம். மீன்பாடி வண்டியில் பட்டறைக்காரர்கள் வென்ற இடங்களும் தோற்ற இடங்களும் இந்தக் கோட்டின் இரு பக்கமும் தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன.

மூன்று சக்கரம் என்பது ஏழைகளின் சமரசம் மட்டுமல்ல. உலகின் முதல் மோட்டார் காராகக் கருதப்படுவதே மூன்று சக்கர வாகனம்தான். 1886 ஜனவரி 29ஆம் தேதி கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வண்டியில் 954 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அது தந்த சக்தி ஒரு குதிரைத் திறனைக்கூட எட்டவில்லை. நான்கு சக்கர வண்டிக்கு அன்று இருந்த ஸ்டியரிங் அமைப்புகள் பென்ஸுக்குத் திருப்தி தரவில்லை. ஒற்றை முன்சக்கரம் அந்தச் சிக்கலையே இல்லாமல் செய்துவிட்டது. 1909இல் இங்கிலாந்தில் எச்.எஃப்.எஸ். மோர்கன் ஒரு வண்டியைக் கட்டினார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, பைக்குகளில் வரும் வி-ட்வின் எஞ்சின், பின்சக்கரத்துக்குச் செயின். சக்கரங்களின் இடத்தை மட்டும் பார்த்தால் அது மீன்பாடி வண்டியின் அமைப்பேதான். இத்தாலியில் 1948இல் வெஸ்பா ஸ்கூட்டரை அடியொற்றிப் பியாஜியோ கொண்டுவந்த ‘ஆப்பே’ இன்றைய ஆட்டோக்களுக்கு முன்னோடி. இந்தியாவிலும் இத்தகைய கைவேலைக்குப் பரம்பரை உண்டு. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ராணுவ ஹார்லி டேவிட்சன் பைக்குகளை வைத்து டெல்லியில் கட்டிய ‘பட்பட்டி’கள் 1998 வரை பயணிகளை ஏற்றின. குஜராத்தில் என்ஃபீல்டு புல்லட் எஞ்சினில் ஓடிய ‘சக்கடா’ பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கே போய்விட்டது.

எஞ்சினில் தொடங்கலாம். எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டை, கழித்துக்கட்டிய வண்டிகளைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்கும் சந்தை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புது உதிரிபாகம் கிடைக்கும்; பழசு வேண்டுமென்றால் புதுப்பேட்டைதான். எஞ்சின் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் ஓட்டம் அன்று, எண். கிராங்க் கேஸில் பொறித்த எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், ரசீதும் வேண்டும். எண் ராவப்பட்ட எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தொடக்கூடாது.

மீன்பாடி வண்டிகளில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் அதிகம் ஏறியதற்குக் காரணம் உண்டு. வால்வு கிடையாது, கேம் கிடையாது, பாகங்கள் குறைவு. ஸ்பேனர் செட்டும் சுத்தியலும் இருந்தால் தெருவோரத்திலேயே பிரித்துக் கோத்துவிடலாம். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகை விதிகள் இறுகியதும் டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பழைய எஞ்சின்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. அவற்றின் குறைகளும் ஊரறிந்தவை. பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் வரும் நீலப் புகை, காதைப் பிளக்கும் சத்தம், மிகுந்த எரிபொருள் செலவு. இன்று புதிதாகக் கட்டுபவருக்கு 100 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்தான் பொருத்தம். 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 தொடங்கிவைத்த அந்தக் குடும்பத்தின் எஞ்சின்கள் நாடு முழுக்கக் கிடைக்கின்றன, அவற்றைத் தெரியாத மெக்கானிக் இல்லை.

அப்படிப்பட்ட சிறு எஞ்சின் ஒரு சுமைவண்டியை இழுக்குமா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 100 சிசி எஞ்சினின் உச்சத் திருப்புவிசை ஏறக்குறைய 7.5 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது பின்சக்கரத்தை அடைவதற்குள் சுமார் 32 மடங்காகப் பெருகுகிறது. 240 நியூட்டன் மீட்டர் ஆகிறது. சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. என்று கொண்டு, செயினிலும் பல்சக்கரங்களிலும் போகும் இழப்பைக் கழித்தால், சாலையில் கிடைக்கும் இழுவிசை சுமார் 70 கிலோ. டாப் கியரில் அதுவே 22 கிலோவாகச் சுருங்கிவிடும். மறுபக்கம், ஓட்டுநரும் சரக்கும் சேர்ந்து 500 கிலோ எடையுள்ள வண்டியைச் சமதளத்தில் உருட்ட வேண்டிய விசை ஏறத்தாழ 10 கிலோதான். 25 அடிக்கு ஓர் அடி உயரும் மேம்பாலத்தில் ஏறும்போது இன்னும் 20 கிலோ கூடி, மொத்தம் 30 ஆகும். ஆகவே சமதளத்தில் டாப் கியரே போதும். மேம்பாலத்துக்கு இரண்டாவது கியர். எடை ஒரு டன்னைத் தொட்டால் மேம்பாலத்தில் 60 கிலோ விசை தேவைப்படும். முதல் கியரில்கூட எஞ்சின் திணறும், கிளட்ச் வழுக்கித் தேயும்.

இதற்குச் செலவு குறைந்த மருந்து பின்சக்கரத்துப் பல்சக்கரம். 44 பல் இருந்த இடத்தில் 54 பல் உள்ளதை மாட்டினால் ஒவ்வொரு கியரிலும் இழுவிசை ஏறக்குறைய கால்பங்கு கூடும்; அதே மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறிவிடலாம். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். சுமைவண்டிக்கு அது இழப்பே கிடையாது. சேடக் போன்ற ஸ்கூட்டர் எஞ்சினில் இந்த வசதி இல்லை. அதில் செயினே கிடையாது, பின்சக்கரம் கியர்பாக்ஸ் தண்டிலேயே நேராக மாட்டப்படுகிறது. அதற்கு ஈடாக வேறொரு நன்மை உண்டு. ஃப்ளைவீலோடு சேர்ந்து சுற்றும் விசிறி சிலிண்டர்மேல் எப்போதும் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். பைக் எஞ்சினோ ஓடும் வேகத்தில் எதிர்ப்படும் காற்றை நம்பியிருக்கிறது. சுமையோடு முதல் கியரில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஊரும்போது, முன்னால் ஆளுயரச் சரக்கு காற்றையும் மறைத்துக்கொண்டால், சித்திரை வெயிலில் எஞ்சின் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. தகடு வளைத்துக் காற்றைச் சிலிண்டருக்குத் திருப்பிவிடுவது, சிறு மின்விசிறி பொருத்துவது, ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது ஆகியவை அத்தியாவசியம்.

அடுத்த கேள்வி, இரண்டு சக்கரம் முன்னாலா பின்னாலா? ஆட்டோவைப் போல் இரண்டையும் பின்னால் வைத்தால் ஸ்டியரிங் எளிது; பைக்கின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சிக்கல் பின்னால் வரும். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஒரு டயர் தேய்ந்துகொண்டே இழுபடும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதைத் தீர்க்க டிஃபரென்ஷியல் வேண்டும். பழைய ஆட்டோவிலிருந்து அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்தால் ஒழிய மலிவாக முடியாது. அப்படி எடுத்தால் ரிவர்ஸ் கியரும் கூடவே வந்துவிடும் என்பது உபரி லாபம். மீன்பாடி வண்டி இந்தச் சிக்கலைத் தொடவேயில்லை. ஒற்றைப் பின்சக்கரமே வண்டியைத் தள்ளுகிறது, டிஃபரென்ஷியலுக்கு வேலையே இல்லை. பைக்கின் பின்பாதியில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. பட்டறைப் பொறியியலின் சிக்கனம் இதைவிட அழகாக வெளிப்பட்ட இடம் அரிது.

ஆனால் முன்னால் இரண்டு சக்கரம் வந்துவிட்டால் அவற்றைத் திருப்பியாக வேண்டும். முறையான வழி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனிக் கிங்பின்னில் நிறுத்தி, டை-ராடால் இணைப்பது. திரும்பும்போது உட்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடச் சற்று அதிகமாக வளைய வேண்டும். இரு பக்க ஸ்டியரிங் கைகளையும், அவற்றின் கோடுகள் பின்சக்கர அச்சின் நடுவில் போய்ச் சந்திக்கும்படி உள்நோக்கிச் சாய்த்துவிட்டால் அது கிட்டத்தட்டத் தானாக அமைந்துவிடும். மீன்பாடி வண்டியில் இந்த வேலைப்பாடு எதுவும் இல்லை. சரக்குத் தட்டும் அச்சும் சக்கரங்களும் ஒன்றாக நடுவில் உள்ள ஓர் ஆணியில் திரும்புகின்றன. தட்டின் பின்விளிம்பில் உள்ள கம்பியே கைப்பிடி. மிதிவண்டி வேகத்தில் அது போதுமானதாக இருந்தது. எஞ்சின் வந்த பிறகோ, முந்நூறு நானூறு கிலோ சரக்கின் உந்தத்தையும் ஓட்டுநர் தன் இரு தோள்களால் தாங்கித் திருப்ப வேண்டியதாகிவிட்டது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கைப்பிடி ஒரே உதறலில் நெஞ்சை நோக்கி வரும். பத்தடி நீளக் கம்பிகள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், வண்டி திரும்பும்போது அவற்றின் முனைகள் பக்கத்து வரிசையில் போகும் ஸ்கூட்டர்காரரின் முகத்துக்கு நேராக வீசிச் செல்லும்.

மூன்று சக்கரத்தின் பெரிய ஆபத்து கவிழ்வது. நான்கு சக்கர வண்டியின் தாங்குதளம் செவ்வகம். மூன்று சக்கரத்துக்கு முக்கோணம். எடையின் மையம் முக்கோணத்தின் அகன்ற பக்கத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கூர்முனைப் பக்கம் போகப்போக வண்டி பலவீனமாகும். ஓர் உதாரணம்: இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே 120 செ.மீ. அகலம், தரையிலிருந்து எடை மையம் 60 செ.மீ. உயரம், மையம் முன்னுக்கும் பின்னுக்கும் சரிபாதியில் இருக்கிறது என்று கொள்வோம். 8 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில், ஒரு தெருமுனை வளைவு என்று வைத்துக்கொள்ளலாம், இந்த வண்டி மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் கவிழத் தொடங்கும். எடை மையத்தை ஒற்றைச் சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்கு, இரட்டைச் சக்கரப் பக்கமாக நகர்த்தினால் அந்த எல்லை 26 கி.மீ. ஆகும். மாறாக, மையத்தை நகர்த்தாமல் சரக்கை மட்டும் உயரமாக அடுக்கி, எடை மையத்தை 90 செ.மீ.க்கு ஏற்றினால் எல்லை 18 கி.மீ.க்கு இறங்கிவிடும். மீன்பாடி வண்டியில் சரக்கு இரட்டைச் சக்கரங்களின் மேலேயே உட்காருவதால் இந்த விஷயத்தில் அதன் அமைப்பு ஆட்டோவைவிட மோசமில்லை. உயரமாக அடுக்கும் பழக்கம்தான் அந்த நன்மையைத் தின்றுவிடுகிறது. தாழ்வான தட்டு, அகலமான அச்சு, கனமானதை அடியில் வைக்கும் ஒழுங்கு ஆகிய மூன்றும் காசில்லாத பாதுகாப்பு.

சாய்ந்து திரும்பும் பைக்குக்கும் சாயாமல் திரும்பும் மூன்று சக்கரத்துக்கும் இன்னொரு வேறுபாடு பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பைக் வளைவில் சாய்வதால் அதன் சக்கரத்தில் விசை எப்போதும் ஸ்போக்குகளின் தளத்திலேயே இறங்கும். மூன்று சக்கர வண்டி சாயாது; வளைவில் ஒவ்வொரு சக்கரத்தையும் பக்கவாட்டில் மடக்கப் பார்க்கும் விசை வரும். சைக்கிள் ஸ்போக் சக்கரம் அதற்கு வளைந்துகொடுத்து எட்டுப்போடும். பைக்கின் பின்பாதியிலோ, ஸ்விங் ஆர்ம் புஷ்கள் முறுக்கு தாங்காமல் சீக்கிரம் தேயும், அதன் வெல்டிங் இணைப்புகளில் மயிரிழை விரிசல் விடும். ஆட்டோவின் 8 அங்குலத் தகட்டுச் சக்கரமும் அதன் ஹப்பும் பக்கவிசைக்கென்றே செய்யப்பட்டவை. இரண்டு ஆட்டோ ஹப்புகளுக்குச் செலவழிக்கும் பணம் எஞ்சினுக்குச் செலவழிப்பதைவிடப் பயனுள்ளது. அந்த ஹப்புகளோடு டிரம் பிரேக்கும் சேர்ந்தே வருகிறது என்பது இன்னொரு காரணம்.

பிரேக்கில்தான் உயிர் இருக்கிறது. ஓட்டுநரோடு 180 கிலோ எடையுள்ள பைக்கை நிறுத்துவதற்காக வடிவமைத்த பின் டிரம்மிடம், 500 கிலோவை நிறுத்தச் சொல்கிறது மீன்பாடி வண்டி. அதே வேகத்தில் அழிக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த டிரம்மை எவ்வளவு இறுக்கினாலும் பயன் குறைவு. எடையில் பெரும்பங்கு முன்சக்கரங்கள்மேல் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் மிச்ச எடையும் முன்னால் சாய்கிறது. லேசான பின்சக்கரம் தரையைப் பற்றாமல் உரசிக்கொண்டு போகும். மூன்று சக்கரத்திலும் பிரேக் உள்ள வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து ஏறத்தாழ 10 மீட்டரில் நிற்கும் என்றால், பின்பிரேக் மட்டும் உள்ளது 30 மீட்டர் வரை போகும். 25 கி.மீ. வேகத்தில்கூட 4 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம். பேருந்துக்கும் மக்களுக்கும் நடுவே இடமே இல்லாத உஸ்மான் சாலையில் அந்த 8 மீட்டருக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. முன்சக்கரம் இரண்டுக்கும் ஆட்டோவின் ஹைட்ராலிக் டிரம், ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இரு குழாய், பின்சக்கரத்துக்குத் தனியாகக் கம்பி இழுக்கும் பிரேக், நிறுத்திவைக்க ஒரு கைபிரேக். இதற்குக் குறைந்து எதையும் ஏற்கக்கூடாது. ஒரு பக்கக் குழாயில் காற்று புகுந்தாலும் பிரேக் பிடிப்பு தளரும் என்பதால் ஆயில் ஊற்றிக் காற்றெடுக்கும் வேலையைப் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

சட்டகம் கட்டும் வேலையில் கைத்திறன் கணக்கைவிட முன்னால் நிற்கும். சதுர இரும்புக் குழாய் 38 மி.மீ., சுவர் கனம் 2 மி.மீ. என்பது சிறு வண்டிக்குப் பழகிப்போன தேர்வு. துண்டுகளை அறுத்துச் சமதளத்தில் பரப்பி, மூலைமட்டம் வைத்து, முதலில் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பொட்டு மட்டும் வெல்டிங் வைப்பார்கள். பிறகு எதிரெதிர் மூலைகளை டேப்பால் அளப்பார்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால்தான் சட்டகம் கோணாமல் இருக்கிறது. பின்சக்கரத்திலிருந்து முன் அச்சுவரை நூல் பிடித்து, சக்கரம் நடுக்கோட்டில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரியென்றால் மட்டுமே முழு வெல்டிங். அதையும் ஒரே பக்கமாக இழுக்காமல், ஒரு மூட்டில் கொஞ்சம், எதிர் மூட்டில் கொஞ்சம் என்று மாறிமாறிப் போடுவார்கள். சூடு ஒரு பக்கம் குவிந்தால் இரும்பு ஆறும்போது சட்டகத்தையே முறுக்கிவிடும். அதிக விசை வரும் மூட்டுகளுக்கு, குறிப்பாகப் பைக்கின் பின்பாதி தட்டோடு சேரும் இடத்துக்கு, முக்கோணத் தகடு வைத்துப் பலப்படுத்துவது கட்டாயம். மெல்லிய குழாயை ஓட்டை விழாமல் வெல்டு செய்வது எல்லார் கைக்கும் வராது. தெரிந்த வெல்டரிடம் அந்த வேலையை விட்டுவிடுவதே உத்தமம். சாந்தோம், பெசன்ட் நகர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். குழாயின் திறந்த முனைகளைத் தகடு வைத்து அடைத்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயின்ட் அடிக்காத சட்டகம் இரண்டு மழைக்காலம் தாங்காது. விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் எல்லாம் பழைய பைக்கிலிருந்தே கிடைத்துவிடும்.

இத்தனையும் செய்து முடித்த வண்டி சாலைக்கு வரலாமா? வரக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 2(28) பிரிவின்படி, நான்குக்கும் குறைந்த சக்கரங்கள் கொண்ட வாகனத்தில் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின் இருந்தால் மட்டுமே அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. 50 சிசி மொபெட் எஞ்சினே அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. மோட்டார் வாகனம் என்றால் பதிவு வேண்டும். பதிவுக்கு அந்த மாடல் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆவது விதிப்படி சோதனையில் தேறியிருக்க வேண்டும். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிறுவனங்கள் அந்தச் சோதனையைச் செய்கின்றன. சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் ஒரு வாகனச் சோதனை மையம் உண்டு. பிரேக், புகை, சத்தம், விளக்கு என்று நீளும் அந்தச் சோதனைகள், ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் தயாரிப்பவருக்குக் கட்டுப்படியாகும். வீட்டில் ஒன்றே ஒன்று கட்டியவருக்கு அல்ல. ஏற்கெனவே பதிவான பைக்கை வெட்டி மாற்றினால் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க இடம் தருகிறது.

வட இந்தியப் பட்டறைகளில் கட்டும் ‘ஜுகாடு’ வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, அவற்றுக்கும் பதிவும் காப்பீடும் கட்டாயம் என்று 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீன்பாடி வண்டிக்கும் பொருந்தும் தீர்ப்பு அது. போக்குவரத்துக் காவலர்கள் அவ்வப்போது அவற்றைப் பறிமுதல் செய்வதன் சட்ட அடிப்படையும் இதுதான். இதில் மனத்தை உறுத்தும் பக்கம் காப்பீடு. பதிவில்லாத வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு கிடையாது. அது மோதிக் கால் ஒடிந்த பாதசாரிக்கு இழப்பீடு தர எந்த நிறுவனமும் இல்லை. அன்றாடம் காய்ச்சியான ஓட்டுநரிடமும் கொடுக்க எதுவும் இருக்காது. அடிபட்டவர், ஓட்டியவர் என இரண்டு ஏழைக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும். இழப்பு இத்தனை பெரிதாக இருப்பதால்தான் இந்தச் சட்டத்தை வெறும் கெடுபிடி என்று ஒதுக்க முடியாது.

சட்டம் கதவு திறந்துவைத்திருக்கும் இடங்களும் உண்டு. முக்கியமானது மாற்றுத்திறனாளிகளுக்கானது. அவர்கள் பயன்பாட்டுக்காக மாற்றியமைத்த வாகனத்தைச் சட்டம் தனி வகையாகவே ஏற்கிறது. ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திப் பதிவு செய்துகொள்ளலாம். தமிழக அரசே அப்படிப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்களைத் தகுதியுள்ளவர்களுக்கு வழங்கிவருகிறது. கிண்டியை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மையத்தில் உருவாகி, நியோமோஷன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘நியோபோல்ட்’ இன்னொரு வழியைக் காட்டியது. சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் பொருத்திய ஒற்றைச் சக்கரத்தை மாட்டினால் நாற்காலியே மூன்று சக்கர வாகனமாகிவிடும். மணிக்கு 25 கி.மீ. வரை போகும். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்ற அந்த அமைப்பு கவிழாமல் நிற்பதற்குக் காரணம், எடையில் பெரும்பங்கு பின்னுள்ள இரட்டைச் சக்கரங்களுக்கு அருகிலும் தாழ்வாகவும் இருப்பதே.

கட்டிப் பழக வேண்டும் என்ற ஆசைக்குக் கல்லூரிப் போட்டிகள் சரியான களம். எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பின் வடக்குக் கிளை நடத்தும் ‘எஃபிசைக்கிள்’ போட்டியில் மாணவர்கள் மிதித்தும் மின்மோட்டாராலும் ஓடும் மூன்று சக்கர வண்டியைத் தாங்களே வடிவமைத்துக் கட்டுகிறார்கள். கவிழ்வு, ஸ்டியரிங், பிரேக் என இங்கே சொன்ன அத்தனை கணக்கையும் அங்கே நடுவர் முன்னால் நிரூபிக்க வேண்டும். வளாகத்துக்குள்ளும் சொந்த நிலத்துக்குள்ளும் ஓடும் வண்டிக்குச் சாலை விதிகள் இவ்வளவு குறுக்கே வருவதில்லை. பிரேக்குக்கு மட்டும் அங்கும் விலக்கில்லை.

சரக்குக்கென்றால், இன்று மின்சாரம்தான் வழி. 310 கிலோவரை சுமக்கும், மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகாத இ-கார்ட் என்ற மூன்று சக்கர வகையை மத்திய விதிகள் 2014 முதல் அங்கீகரித்துள்ளன. சோதனையில் தேறிய அத்தகைய வண்டியை வாங்கிப் பதிவு செய்து ஓட்டலாம். அதற்கும் பணமில்லாதவர் மிதிக்கும் டிரைசைக்கிளிலேயே சிறு மோட்டார் வைப்பதை யோசிக்கலாம். 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் கொண்ட பேட்டரி வாகனம், விதிகளின் மற்ற நிபந்தனைகளும் நிறைவேறி, சோதனை நிறுவனம் ஒன்றின் சான்றும் இருந்தால், மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. 250 வாட் கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் ஓட்டுநரோடு 300 கிலோ எடையுள்ள வண்டியைச் சமதளத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் உருட்ட 170 வாட்தான் தேவை. மோட்டாரே அதைச் செய்துவிடும், மிதிப்பவர் இளைப்பாறலாம். 25க்கு ஒன்று ஏறும் மேம்பாலத்தில் அதே மோட்டார் தனியாக மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஏற்றும். மிதியும் சேர்ந்தால் அதைவிடச் சற்று வேகமாகப் போகும்.